கால் சுத்து, எடது பக்கம்

பதினஞ்சு வேலம்பாளையத்தில் மணி ரெண்டே கால்.
மூன்று மிஷினில் நடு மிஷின்
துணியில் கோடு இழுக்கிறது.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால்தான்
என் கண்ணுக்குத் தெரிகிறது.
காலையில் செக்கிங் பெண்களுக்கு
தூக்கக் கலக்கத்திலும் தெரிந்துவிடும்.

போனை எடுக்கிறேன்.
நான் சும்மா இருந்தவள் இல்லை.
ஆறு வருசமாக ஃபிட்டர்கள் பேசப் பேச
நல்லதாகப் பட்டதற்கெல்லாம்
நட்சத்திரம் குத்தி வைத்தவள்.
பல்லடம் பஸ்ஸில் நின்றபடி,
ரேஷன் வரிசையில்,
ஒருமுறை எழவு வீட்டில்கூட,
முந்தானைக்குள் போனை மறைத்து,
சிங்கர் தேய்மானம் பற்றி
யாரோ பக்கம் பக்கமாய் எழுதியிருந்ததற்கு.
படித்தேனா என்று கேட்காதீர்கள்.
வைத்தாயிற்று என்றால் பாதி தெரிந்த மாதிரி.

இன்றைக்குத்தான் திறக்கிறேன்.
ஆயிரத்து நானூத்திச் சொச்சம்.

"ஆமாங்க."
"அண்ணன் சொல்றதுதான் சரி."
"நானும் அப்படித்தான் செஞ்சனுங்க, நின்னுருச்சு."
எது நின்றது? எந்த அண்ணன்?
"படத்துல வட்டம் போட்ட எடத்துல பாருங்க."
படம் எப்போதோ அழிந்துவிட்டது.
வட்டம் மட்டும் எங்கோ
எதையோ சுற்றிக்கொண்டிருக்கும்.

பதிலைக் கிள்ளி எடுத்து வந்திருக்கிறேன்,
கேள்வியைச் செடியிலேயே விட்டுவிட்டு.

இன்னும் கீழே,
சூலூர் மருதாசலம், நாலு வருசம் முந்தி:
"அதேதானுங்க வசந்தாமணி.
கால் சுத்து, எடது பக்கம்.
அவசரத்துல அரைச் சுத்து போட்றாதீங்க,
எனக்கு ரெண்டு ரோல் போச்சு."

என் பேர் போட்டு எனக்கே சொன்னது.
நட்சத்திரம் குத்தியபோது
எந்தத் திருகு என்று எனக்குத் தெரிந்திருந்தது.
அத்தனை நன்றாகத் தெரிந்ததால்
அதை எங்கும் எழுதவில்லை.

பிபின் ஸ்பேனரோடு நிற்கிறான்.
ஒடியா இல்லை, தமிழ் இல்லை,
புருவத்தால் கேட்கிறான்: எது?
மிஷினை ஒரு சுற்று வருகிறேன்.
எல்லாத் திருகும்
என்னைத்தான் என்னைத்தான் என்கிறது.

"முழிச்சிருக்கீங்களா?"
ரெண்டு டிக். உடனே நீலம்.
அவர் சொன்னதை அவருக்கே அனுப்புகிறேன்.
எழுதுகிறார், நிறுத்துகிறார், எழுதுகிறார்.
"ரெண்டு ரோல் போனது நல்லா ஞாபகமிருக்குதுங்க.
திருகுதான் ஞாபகமில்ல.
மிஷின வித்து ரெண்டு வருசமாச்சு.
இப்பக் காங்கயத்துல தேங்காப் பருப்பு யாவாரம்,
லோடு ஏத்திட்டு இருக்கறனுங்க."

நான் என்ன சொல்ல?
சரிங்க, என்று அடிக்கப் போகையில்:
"மிஷின ஓட விட்டு
சத்தத்த மட்டும் அனுப்புங்க பாக்கலாம்."

அரை நிமிசம் அனுப்பினேன்.
இன்னொருக்கா, என்றார். அனுப்பினேன்.
இன்னொருக்கா.
மூன்றாவது எதற்கென்று எனக்குப் புரியவில்லை.
அவர் பக்கத்து வாய்ஸில்
மூட்டை விழும் சத்தம், யாரோ இருமல், அப்புறம்:
"நடுவுல டிக்குன்னு ஒண்ணு வருது பாருங்க.
ஊசிங்க அது. திருகத் தொடாதீங்க."

கொக்கி வளைந்த ஊசி,
ஒரு மயிரளவு.
மாற்றினோம். துணி இறங்கியது.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்,
பிபினையும் பார்க்கச் சொன்னேன்.

போனில் வைக்கவில்லை இந்தத் தடவை.
மார்க்கிங் சாக்பீஸால்
மிஷின் வயிற்றிலேயே எழுதினேன்:
நடு மிஷின். விட்டு விட்டுக் கோடு.
டிக் சத்தம். ஊசி. மருதாசலம் சொன்னது.
பிபின் சாக்பீஸை வாங்கி
அடியில் அவன் எழுத்தில் ஒரு வரி போட்டான்,
உருண்டை உருண்டையாக.
என்ன எழுதினான் என்று கேட்க நினைத்தேன்.
அதற்குள் மூன்றாவது மிஷினில் நூல் அறுந்தது.